முழு வாக்கியத்தில் பதில் சொல்லுங்க

திருச்சி, ஸ்ரீரங்கம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து அதிகம் பேரைக் கோபப்படுத்திய மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் பல் டாக்டர்தான் முதலில் வருவார். இரண்டாவதாக வருகிறவர் காவிரிப் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். நான் இதை எழுதும்போதும் அவர்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

தொழில் செய்த காலத்தில் அவருக்கு ஒரு வழக்கம். நம் வாயில் கண்ணாடி, கொக்கி, பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, "பொண்ணு எந்த ஸ்கூல்?" என்று கேட்பார். நாம் "ஆ" என்போம். "நல்ல ஸ்கூலாச்சே" என்பார். இப்படி ஊரில் பாதிப் பேரிடம் அரைகுறையாக நின்றுபோன பேச்சையெல்லாம், கிளினிக்கை மூடிய பிறகு சைக்கிளில் வந்து வசூல் செய்ய ஆரம்பித்தார் என்பது என் சந்தேகம்.

எங்கள் சைக்கிள் குழு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் கூடும். நான் அதில் சேர்ந்ததற்கு ஆரோக்கியம் காரணம் இல்லை. என் மகள் நிவேதா துவாக்குடியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். வார இறுதியில் வீட்டுக்கு வருகிறவள், தூங்காமல் இந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தாள். லாரி ஓடுகிற சாலையில் என் ஒரே பெண் இரண்டு மெல்லிய டயரை நம்பிப் போவதை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டிருக்க என்னால் முடியாது. நானும் ஒரு சைக்கிள் வாங்கினேன். அவளுக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு இடுப்பு வலித்தது.

முதல் நாளே பல் டாக்டர் என் பக்கத்தில் வந்து ஓட்டினார்.

"நேத்து ராத்திரி என்னம்மா டிபன்?"

"சப்பாத்தி" என்றேன்.

"முழு வாக்கியத்துல சொல்லுங்க. எத்தன சப்பாத்தி, என்ன தொட்டுக்கிட்டீங்க, நல்லா இருந்துச்சா."

"ரெண்டு... சப்பாத்தி... குருமா..."

உடனே ஒரு கையைத் தூக்கி, கம்பரசம்பேட்டை முழுக்கக் கேட்கும்படி, "மெதுவா. இந்தம்மாவால பேச முடியல" என்று கத்தினார். முன்னால் போன அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சாலையோரம் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவரும் பார்த்தார்.

இதுதான் அவருடைய முறை. கூட்டமாக நெடுந்தூரம் போகும்போது எது சரியான வேகம்? ஓட்டிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் கூடிவிட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வாராவாரம், முக்கொம்பு போய்த் திரும்பும்வரை, தன் இராச் சாப்பாட்டை ஊருக்கெல்லாம் ஒப்பித்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

பெரிய கடை வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய் ஒருவர்தான் இதில் சந்தோஷப்பட்டவர். அவரிடம் கேட்டால், முந்தின நாள் நிக்காஹ் விருந்தில் கறி எப்படி வெந்தது, தால்ச்சாவில் எந்தக் காய் போட்டார்கள் என்று ஆரம்பித்து, இலை எடுக்கும்வரை மூச்சு விடாமல் சொல்வார். அதைக் கேட்டுப் பசி தாங்காமல் பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. ஒருநாள் காவிரிப் பாலத்தில் டாக்டர் யாரையோ பார்த்து, "என்ன டிபன்?" என்று கத்த, பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒருவர், "உப்புமா சார்" என்றார். டாக்டர் அவரையும் விடவில்லை. "ரவையா, சேமியாவா, முழுசா சொல்லுங்க" என்று பஸ்ஸோடு கூடவே போனார்.

அவர் எங்களுக்குத் தடை செய்திருந்த வார்த்தை ஒன்று உண்டு. பரவாயில்லை.

ஒருநாள் ஏற்றத்தில் திணறிக்கொண்டிருந்த நிவேதாவிடம், "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார். "பரவாயில்ல அங்கிள்" என்றாள். மனிதர் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டார்.

"இந்த வார்த்தைய நம்பித்தான்மா என் சர்வீஸ் முழுக்க ஏமாந்தேன். கடவாப் பல்லு பொளந்து, கன்னம் வீங்கி, ஒரு வாரமாத் தூங்காம வருவான். வலிக்குதான்னு கேட்டா பரவாயில்ல டாக்டர்ம்பான். இதுக்கு ஆமாம்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமா? பஸ்ல கால மிதிச்சாலும் பரவாயில்ல, பந்தியில சோறு தீந்துபோனாலும் பரவாயில்ல. நம்ம ஊர்ல யாருக்காவது எதாவது பரவா இருந்திருக்கா? என் முன்னாடி இனிமே யாரும் இந்த வார்த்தைய சொல்லக் கூடாது."

"சரி அங்கிள்" என்றாள் நிவேதா.

"முழு வாக்கியம்."

"சரி அங்கிள், இனிமே நான் அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேன் அங்கிள்."

இந்தச் சமயத்தில்தான் முசிறி போவது என்று முடிவாயிற்று. போய் வர ஒரு முழு நாள். எந்த வேகத்தில் போவது என்று பேச, காபிக் கடையில் கூடினோம். குழுவின் கேப்டன் தினேஷ், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞன். அவன் நம்பும் ஒரே ஜீவன் அவனுடைய கைக்கடிகாரம். அதைப் பார்த்தபடி, "மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல போலாம். எல்லாருக்கும் ஓகேவா?" என்றான்.

மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக, "பரவாயில்ல" என்றார்கள். முட்டி தேய்ந்தவரும் சொன்னார். போன மாதம்தான் சைக்கிள் பழகியவரும் சொன்னார். நான் மட்டும், "முடியாதுப்பா, அது லாரி போற ரோடு" என்றேன். அது யார் காதிலும் விழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரை டபராவில் வைத்த சத்தத்துக்கு வெளியே நின்ற நாய் எழுந்து போயிற்று.

டாக்டர் எழுந்தார். "தினேஷு, ஓகேவான்னு கேட்ட. ஒருத்தராவது ஓகேன்னாங்களா?"

"பரவாயில்லன்னா ஓகேதானே டாக்டர்?"

"பரவாயில்லன்னா, எனக்குக் கஷ்டம்தான், சொன்னா நீ தப்பா நெனச்சுக்குவன்னு அர்த்தம்."

தினேஷ் சிரித்தான். நெடுநேரம் சண்டை போட்டு, கடைசியில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். முன்னால் வேகக்காரர்கள், பின்னால் நாங்கள். நிவேதாவைக் கேட்க வேண்டுமா, "நான் முன்னாடி போறேன்" என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்த டாக்டர், "கவலைப்படாதீங்கம்மா. உங்க பொண்ணு பக்கத்துல நான் போறேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. அவராக எடுத்துக்கொண்ட பொறுப்பு அது. எழுபதை நெருங்குகிறவர், இருபது வயதுக்காரிக்குக் காவல் போகிறாராம். ஆனாலும் அன்று இரவு நான் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஞாயிறு விடியும் முன் கிளம்பினோம். கொள்ளிடம் தாண்டி, டோல்கேட்டில் மேற்கே திரும்பும்வரை முன் கூட்டத்தின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. அதற்கப்புறம் வாழைத் தோப்புகள்தான். பஷீர் பாய் எனக்குத் துணையாக வந்தார். வட்டிலப்பம் செய்முறையில் தேங்காய்ப்பால் கட்டத்தில் இருந்தார். குணசீலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரப் புளியமரத்தடியில் கூட்டம் தெரிந்தது.

முதலில் என் கண்ணில் பட்டது ஹெல்மெட். சிவப்பு ஹெல்மெட். நிவேதாவுடையது. சாலையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் சைக்கிள் குறுக்கே கிடந்தது. ஒரு லாரி நின்றிருந்தது.

அங்கிருந்து மரத்தடிவரை நான் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. பாய்தான் பின்னால் சொன்னார், "தங்கச்சி, நீங்க சைக்கிள விட்டுட்டு ஓடுனீங்க. அது தனியா கொஞ்ச தூரம் வந்துச்சு." இப்போதும் கண்ணை மூடினால் அந்த ஹெல்மெட்தான்.

நிவேதா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. அவள் மடியில் பல் டாக்டரின் தலை இருந்தது. முகம் சாம்பல் பூத்து, சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்து.

நடந்ததை அவள் ஆம்புலன்ஸ் வருவதற்குள் அழுதுகொண்டே சொன்னாள். கிளம்பியதிலிருந்து டாக்டர் அவளைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஹாஸ்டல் சாப்பாடு, வார்டன், அரியர் என்று அவளும் முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். அரியர் விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திடீரென்று கேள்வி நின்றுபோயிற்று. தொல்லை விட்டது என்று முதலில் நினைத்தவள், கொஞ்ச தூரம் போனதும் சும்மா விளையாட்டுக்கு, "அங்கிள், நேத்து ராத்திரி நீங்க என்ன டிபன்?" என்று கேட்டிருக்கிறாள்.

அவர், "பரவாயில்ல" என்றாராம்.

"என்ன டிபன்னு கேட்டேன்மா. பரவாயில்லங்கறார்."

நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். தினேஷ் திரும்பிப் பார்த்து, "குணசீலம் வந்துரும், அங்க நிறுத்திக்கலாம்" என்றிருக்கிறான். இவள் இறங்கி, சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி அவனைப் பார்த்து வீசியிருக்கிறாள். லாரி டிரைவர் நிறுத்தி இறங்கி வந்து, டாக்டரைச் சைக்கிளிலிருந்து தூக்கி இறக்கியிருக்கிறார். தினேஷ் நான் வந்தபோது மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கடிகாரம், இன்றைய பயிற்சி அருமை என்று வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி வாழைத் தோப்பில் எறிய வேண்டும் என்று எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி அடக்கினேனோ.

திருச்சி ஆஸ்பத்திரியில், "பேஷன்ட் பேரு?" என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "பல் டாக்டர்" என்றார் பாய். "பல் டாக்டர் இப்ப வர மாட்டாருங்க, மொதல்ல பேரச் சொல்லுங்க" என்றாள் கவுன்டரில் இருந்த பெண். அந்த நிலையிலும் யாரோ சிரித்தார்கள். நான் அவர்களையும் திட்டினேன்.

இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் அவ்வளவுதான் என்றார் அங்கிருந்த டாக்டர். மறுநாள் பல் டாக்டரை வார்டுக்கு மாற்றியதும் போய் நின்றேன்.

"எப்பலேருந்து வலி?" என்றேன்.

"டோல்கேட்டுலேருந்தே லேசா இருந்துச்சும்மா."

"டோல்கேட்டுலேருந்தா? ஊரெல்லாம் முழு வாக்கியம் கேக்கத் தெரியுதில்ல, நெஞ்சு வலிக்குது நிறுத்துங்கன்னு உங்களுக்கு ஒரு வாக்கியம் வரல?"

"உங்க பொண்ணுகூட வரேன்னு சொல்லியிருந்தேன். நான் நின்னா அவ தனியா முன்னாடி போயிடுவாளேன்னு..."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதற்கு முன் வந்ததெல்லாம் ஒத்திகை. என் பெண்ணைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையில் விழச் சொல்லி இவரை யார் கேட்டது? இவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் வாழ்நாள் முழுக்க அந்தப் புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பாளே, அதை யோசித்தாரா? இத்தனையும் நான் நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போகும்வரை சொன்னேன். வராந்தாவில் போன பிறகும் மிச்சத்தைச் சொன்னேன்.

"அந்தம்மா யாரு உங்களுக்கு?" என்று நர்ஸ் உள்ளே கேட்டது காதில் விழுந்தது. அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் ரொம்ப நீளமாகச் சொன்னார்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். தனியாக இருக்கிற மனிதர். மாடியேறக் கூடாது, சைக்கிளைத் தொடக் கூடாது, உப்பு, எண்ணெய் குறைவாகத்தான் சாப்பிட வேண்டும். நிவேதா துவாக்குடியிலிருந்து தினமும் போன் செய்து அவரிடம் கால் மணி நேரம் பேசுகிறாள். என்னிடம் இரண்டு நிமிஷம். நான் அவரோடு பேசுவதில்லை. சாப்பாட்டுக் கேரியரை அவர் மேஜையில் வைத்துவிட்டு, முந்தின வேளைக் கேரியரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் நேற்று சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "ஏன், இப்பல்லாம் எதுலயும் உப்பே இல்ல?" என்று கேட்டார். ஒரே ஒரு கிழவனுக்காகத் தனியாக இன்னொரு குழம்பு வைக்க எனக்கு என்ன தலையெழுத்தா?