முதுகில் ஏறிய கருத்து

ஜெர்சியை விரித்துப் பார்த்த நிபுணர், யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

புத்தம் புது நீல ஜெர்சி. நம்பர் எதுவும் இல்லை. முதுகில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, வெள்ளை எழுத்தில், ஓரம் கொஞ்சம்கூடப் பிசிறாமல் ஒட்டியிருந்தது:

"கால் ஓடாது. வாய்தான் ஓடும்."

அது அவர் எழுதியது. அன்று காலையில், ஊர்க் கால்பந்து அணியின் மூணாம் நம்பர் ஆட்டக்காரனைப் பற்றி எழுதியது. எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

விளையாட்டுச் சட்டைகளுக்கு நம்பரும் பெயரும் அடித்துக் கொடுக்கும் கடை அது. ஆர்டர் வந்தால் நிபுணர் கம்ப்யூட்டரில் பட்டியல் போடுவார்: நம்பர், அளவு, முதுகில் வர வேண்டிய பெயர். பிரஸ்காரம்மா அதைப் பார்த்து எழுத்துகளை வெட்டி, சூட்டு மெஷினில் வைத்து அழுத்துவாள். கடையில் ஒரே ஒரு சட்டம்தான். பட்டியலின் கடைசிக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அது முதுகில் ஏறும், யாரும் யோசிக்கக் கூடாது. முன்பு ஒருமுறை பிரஸ்காரம்மா யோசித்து, ஒரு பள்ளிக்கூட அணிக்குப் பச்சைக்குப் பதில் மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று மாற்றிக் கொடுத்தாள். அன்றைக்கே முதலாளி அந்தச் சட்டத்தை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்.

நிபுணருக்கு ஊர் அணி என்றால் உயிர். சீசன் தொடங்கும் முன்பே, பத்திரிகைக்காரர்களுக்கும் முன்பே, யார் உள்ளே யார் வெளியே என்ற பட்டியல் அவர் மேசைக்கு வந்துவிடும். வந்தபின் ஆளுக்கொரு கருத்துச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். விற்றுவிடலாம் என்று அவர் சொன்னவன்தான் அந்த வருஷம் அதிக கோல் அடிப்பான். கோப்பை நமக்குத்தான் என்று அவர் அடித்துச் சொன்ன வருஷம் அணி கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது. கடையில் எல்லோரும் அவரை நிபுணர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதைப் பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'கருத்து' என்று தலைப்பு வைத்து, இருபத்து மூன்று பேரையும் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் அழித்துவிடலாம் என்று எண்ணம். அதற்குள் முதலாளி அவரை மெஷினுக்கு பிளேடு வாங்கிவர அனுப்பிவிட்டார். இப்போது கடைசிக் கட்டம் 'கருத்து'தான்.

"அணியோட ஜெர்சிப் பெட்டி எங்க?" என்று கத்தினார் நிபுணர்.

"பன்னெண்டு மணிக்கே கிளப் வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சே" என்றார் பில் போடுகிறவர்.

"பிரஸ்காரம்மா?"

"அரை நாள் லீவு. வீட்ல ஏதோ விசேஷமாம். அந்த ஜெர்சிய உங்க மேசை மேல வச்சுட்டுப் போச்சு."

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு மைதானத்தில் ஜெர்சி கொடுக்கிற நிகழ்ச்சி. ஆட்டக்காரர்களின் குடும்பமெல்லாம் கேலரியில் உட்கார்ந்திருக்க, பெட்டியில் ஒட்டின டேப்பைக் கேப்டன் கத்திரியால் வெட்டி, ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டிக் கொடுப்பார். அதுவரை பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். வருஷா வருஷம் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக் கண் கலங்குகிறவர் நிபுணர். இந்த வருஷம் கேப்டன் எதை உயர்த்திக் காட்டுவார் என்று நினைத்தபோதே அவருக்குக் காது மடல் சுட்டது. மணி இரண்டே கால்.

கிளப்பில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரரைப் போனில் பிடித்தார்.

"அண்ணே, பெட்டியத் திறந்துட்டீங்களா?"

"கேப்டன் வராம நான் எப்படிங்க திறப்பேன்?"

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருடைய வாய் உண்மையைச் சொல்லிப் பழகின வாய் இல்லை, கருத்துச் சொல்லிப் பழகின வாய்.

"திறக்காதீங்க. பசை சரியில்ல. உடம்புல பட்டா அரிக்கும்."

"அரிக்குமா?"

"லேசாத்தான்."

"யோவ், நான் பெட்டிய மார்போட அணைச்சுத் தூக்கிட்டு வந்தேன்யா!"

அந்தப் பக்கத்தில் யாரோ பறபறவென்று சொறிகிற சத்தம் கேட்டது.

பத்தே நிமிஷத்தில் முதலாளியின் போன்.

"நம்ம பசைல அரிப்பாமே? கிளப் டாக்டர் எனக்கு போன் பண்ணிக் கத்துறாங்க. பன்னெண்டு வருஷ ஆர்டர்யா! இது போச்சுன்னா ஷட்டர இழுத்து மூட வேண்டியதுதான். எவன் இப்படிக் கெளப்பிவிட்டான்?"

"அதான் முதலாளி, எவன்னே தெரியல."

"நான் மைதானத்துக்குப் போறேன். நீயும் வந்து சேரு."

நிபுணர் மேசை மேலிருந்த ஜெர்சியைப் பிளாஸ்டிக் கவரோடு பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். சாட்சியை விட்டுவைக்கக் கூடாது என்பது அந்த நேரத்து யோசனை.

ஸ்டோர் ரூமில் பெட்டி ஒரு நாற்காலியின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் கையுறை போட்ட டாக்டரம்மா. அந்தப் பக்கம் சட்டையில்லாமல், கழுத்திலிருந்து தொப்புள்வரை வெள்ளைக் களிம்பு பூசிய ஸ்டோர்காரர்.

"கேப்டன் வெட்டுறது அப்புறம் இருக்கட்டும். ஒரு ஜெர்சிய எடுத்து டெஸ்ட் பண்ணிடுறேன்" என்று டாக்டரம்மா பெட்டியிடம் போனார்.

"வேண்டாம் டாக்டர்! பசை நல்ல பசை!"

"அப்ப அரிப்பு?"

"அரிப்பெல்லாம் இல்ல. நம்பர்தான் மாறிப்போச்சு."

"அப்ப எனக்கு ஏன்யா அரிக்குது?" என்றார் ஸ்டோர்காரர்.

டாக்டரம்மா களிம்பு டப்பாவை அவர் கையில் கொடுத்தார்.

"நம்பர் மாறியிருந்தா திறந்து பாத்தாத்தானே தெரியும்?" என்றார் டாக்டரம்மா.

நிபுணர் பெட்டியை நாற்காலியிலிருந்து இறக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ஐம்பது வயது மனிதர் இப்படி ஒரு அட்டைப்பெட்டியின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை டாக்டரம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டோர்காரரிடம், "கோச்சைக் கூட்டிட்டு வரலாம் வாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் தலை மறைந்ததும் நிபுணர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தார். நேர் எதிரே மைதானம், அதற்கு அப்பால் வெளிக்கதவு. குறுக்கே ஓடினால் ஒரு நிமிஷம். கடைக்குக் கொண்டுபோய் எழுத்தை எல்லாம் உரித்து, நாலு மணிக்குள் வேறு அடித்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஓட வேண்டியது அவர் கால்கள்.

மைதானத்தின் நடுக்கோட்டைத் தொடுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. இருபத்திரண்டு வருஷமாக வேலிக்கு வெளியே நின்று "ஓடுடா சோம்பேறி!" என்று அவர் கத்தின அதே புல். கண் இருட்டியது. அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் நாலு பக்கமும் பீய்ச்ச ஆரம்பித்தன. காவலாளி விசில் ஊதினார். "திருடன்! பெட்டியத் தூக்கிட்டு ஓடுறான்!"

பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தார். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன் வந்துகொண்டிருந்தான். வந்துகொண்டிருந்தான் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் வந்தேவிட்டான். இருபது வயதிருக்கும். மூச்சுகூட வாங்கவில்லை.

"சார், பெட்டி நனையுது. கனமா இருந்தா நான் பிடிச்சுக்கட்டுமா?"

பயிற்சிச் சட்டையின் மார்பில் சின்னதாக மூன்று என்று போட்டிருந்தது.

நிபுணர் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவன் ஆடி அவர் பார்த்ததே இல்லை. இந்த வருஷம்தான் ஜூனியரிலிருந்து வந்தவன். ரேடியோவில் இவன் ஒரு பேட்டி கொடுத்ததைப் பாதி கேட்டுவிட்டு எழுதினது அந்தக் கருத்து.

பையன் பெட்டியை ஒரு கையிலும் அவரை இன்னொரு கையிலும் பிடித்துக் கூட்டிப் போனான். உடை மாற்றும் அறையில் துண்டு கொடுத்தான். "சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கீங்களே சார். மாத்திக்க ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

பையில் அந்த ஜெர்சிதான் இருந்தது. வேறு வழியில்லாமல், பையன் திரும்பின நேரம் பார்த்து மாட்டிக்கொண்டார். தொப்பையில்கூட இறுக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அப்போது அதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நாலு மணி. சுவர் ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து, கேலரிக்கு எதிரே இருந்த தூணில் முதுகைச் சாய்த்து நின்றார். கேலரியில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள். முன்வரிசையில் முதலாளி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. வரிசையாக நின்ற இருபத்து மூன்று பேருக்கு முன்னால் மேசை. மேசை மேல் பெட்டி. கோச் நிபுணரைத் திருடனா பைத்தியமா என்று தீர்மானிக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் கத்திரியை எடுத்தார்.

மேல் வரிசையில் ஒரு சின்னப் பெண், "அப்பாவோடது மொதல்ல!" என்று கத்தினாள்.

அந்தக் குரல் நிபுணரை ஏதோ செய்தது.

"ஒரு நிமிஷம்!" என்றார். "வெட்டாதீங்க. உள்ள இருக்கறத நானே சொல்லிடுறேன். உங்க வீட்டு ஆளுங்க படிக்கறதுக்கு முன்னாடி என் வாயாலயே கேட்டுடுங்க. பசையில கோளாறு இல்ல. நம்பரும் மாறல. உங்க ஒவ்வொருத்தரப் பத்தியும் நான் எழுதின கருத்து உங்க முதுகுல ஏறிடுச்சு."

கேப்டனின் கத்திரி பாதியில் நின்றது.

பட்டியல் கையில் இல்லை. தேவையும் இல்லை, எல்லாம் மனப்பாடம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோல்கீப்பர். பந்து வந்தா வழி விடுற பண்பாளர்."

"அது போன சீசன்ல ஒரே ஒரு தடவைதான் சார்" என்றான் கோல்கீப்பர்.

"மூணு தடவை" என்று வாய் தானாகச் சொன்னது. நிபுணர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுப்பா. ஒன்பதாம் நம்பர். கோல் போஸ்ட் எந்தப் பக்கம்னு யாராவது இவருக்குக் காட்டுங்க. பதினொண்ணு. முடி வெட்டுறதுக்கு எடுத்துக்கற அக்கறைய பாஸ் போடுறதுல காட்டலாம்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதும்போது சிரிப்பு வந்த வரிகள் எல்லாம், எதிரே முகம் இருக்கும்போது நாற்றமடித்தன. மேசையில் தனியாக உட்கார்ந்து எழுதியபோது இவர்களுக்கு நம்பர் மட்டும்தான் இருந்தது. இங்கே ஒவ்வொருவனுக்கும் கேலரியில் ஒரு அம்மா இருந்தாள். அடுத்து நாலாம் நம்பர்.

"கேப்டன். இவர் ஓடுறதப் பாக்கணும்னா வாட்ச் போதாது, காலண்டர் வேணும்."

கேப்டன் கத்திரியைக் கீழே வைத்தார். முப்பத்தாறு வயது. இரண்டு முட்டியிலும் கட்டு.

"ரெண்டு முட்டியிலயும் ஊசி போட்டுக்கிட்டுத்தாங்க வர்றேன். நீங்க எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார் அமைதியாக. "ஆனா மேல என் பொண்ணு உட்கார்ந்திருக்கா."

பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது நிபுணருக்கு. வெட்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியது. இனி ஒன்றுதான் பாக்கி. அதையும் சொன்னார்.

"மூணாம் நம்பர். கால் ஓடாது. வாய்தான் ஓடும்." பையனைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "நீ ஆடி நான் பார்த்ததே இல்லப்பா. இன்னிக்குத்தான் பார்த்தேன். நான் ஓட்டப்பந்தயத்துல தோத்தது உன்கிட்ட. இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல."

பையன் கேலரிப் பக்கம் பார்த்தான்.

கேப்டன் பெருமூச்சு விட்டுவிட்டு டேப்பை வெட்டினார். முதல் ஜெர்சியை எடுத்தார். விரித்தார். புருவத்தைச் சுருக்கினார். இரண்டாவதை எடுத்தார். பிறகு மூன்று நான்காகச் சேர்த்து அள்ளி மேசை மேல் பரப்பினார்.

நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நம்பர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர். இருபத்து மூன்றும் கச்சிதம். ஒரு கருத்துக்கூட இல்லை.

"இதுல என்னங்க தப்பு?" என்றார் கேப்டன்.

இருபத்து மூன்று ஆட்டக்காரர்களும், கோச்சும், டாக்டரம்மாவும், களிம்பு பூசிய ஸ்டோர்காரரும், முதலாளியும் நிபுணரைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் கேட்காமலேயே ஒவ்வொருவரையும் அவரவர் குடும்பத்துக்கு முன்னால் நிற்கவைத்துத் திட்டித் தீர்த்திருந்தார் அவர். நிபுணர் திருதிருவென்று விழித்தார். காலடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று தூணை விட்டு விலகித் திரும்பினார்.

அவர் முதுகைக் கேலரி முழுக்கப் படித்தது.

முதலில் கேப்டனின் பெண்தான் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள். அப்புறம் எழுந்த சிரிப்பில் மைதானமே அதிர்ந்தது. கோல்கீப்பர் புல்லில் உட்கார்ந்தே விட்டான். முதலாளி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கேலரிப் படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். விசேஷத்துக்குக் கட்டின புடவை. கடையில் ஏப்ரனோடு மட்டுமே பார்த்துப் பழகினதால் பிரஸ்காரம்மாவை அடையாளம் கண்டுகொள்ள நிபுணருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆறு வருஷம் பக்கத்து மேசை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"நீ... அந்தக் கட்டத்த அழிச்சிட்டியாம்மா?" என்று திக்கித் திணறிக் கேட்டார். "அப்ப இது மட்டும் ஏன் அடிச்ச?"

"மூணாம் நம்பர் என் தம்பிண்ணே. நீங்க எழுதினது அவனுக்குப் பொருந்தல, அதான் உங்க அளவு பார்த்து உங்களுக்கு அடிச்சு வச்சேன்."