பூசணிக்காய் பறந்த ஆயுத பூஜை

நல்லூரை விட்டு மங்கலம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, வலது உள்ளங்காலில் காய்ந்த சந்தனம். செருப்பு பனியன் கம்பெனியிலேயே கிடந்தது. (திரும்பிப் போய்க் கேட்கிற முகமா என் முகம்?) மாலை வெயிலில் மொட்டைமாடிக் கொடிகளில் வெள்ளைத் துணிகள் மெல்ல அசைந்தன. ஏதாவது ஒன்றில் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

நெம்புகோல் பாடம் நடந்தபோது பாதியில் எழுந்து வந்தவன் நான். (வகுப்பிலிருந்து மட்டுமல்ல, பள்ளியிலிருந்தே.) கேட்ட பாதி நன்றாக நினைவிருந்தது: முட்டுக்கல்லுக்கு இந்தப் பக்கம் நீளமாக விட்டு அழுத்தினால் ஒற்றை ஆள் யானையையும் கிளப்பலாம்.

அன்று ஆயுத பூஜை. காலையில், துணி பின்னும் மிஷினின் ஒரு கால் தரையில் இறங்கிச் சாய்ந்து நின்றது. எல்லோரும் தூக்கித் தோற்றார்கள். நான் நீளமான கனத்த பலகையை அடியில் கொடுத்து, கருங்கல்லை முட்டாக்கி, ஒரே அழுத்து. மிஷின் எழுந்தது. அடியில் தகடு வைத்தார்கள்.

"பரவாயில்லீங்களே தம்பி!" என்றார் முதலாளி. "இனி ஹெல்பர் வேலை வேண்டாமுங்க. நாளையிலிருந்து இந்த மிஷினை நீங்களே ஓட்டுங்க. படுக்கையும் இங்கயே வெச்சுக்குங்க."

பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டிருந்தவனுக்குக் கூரை கிடைத்துவிட்டது.

ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல் முதல் துடைப்பம் வரை பொட்டு உண்டு. மிஷினைத் தூக்கிய பலகையும் ஆயுதம்தானே? முதலாளியம்மா அதைக் கல்லின் மேல் கிடந்தபடியே விட்டு, சந்தனம் பூசி, தரையில் படிந்திருந்த நீள நுனியில், குங்குமம் நிரப்பிய திருஷ்டிப் பூசணிக்காயை வைத்தார்.

"தூக்குனவரே வந்து சாமிக்கு மாலை போடுங்க!"

சாமி படம் மிஷின் உச்சியில். எனக்கு எட்டவில்லை. பலகையின் குட்டை நுனி ஒரு சாண் தூக்கியிருந்தது. படி மாதிரிதான் தெரிந்தது. ஏறினேன்.

பாடத்தின் மறுபாதி அப்போது நடந்தது. குட்டைப் பக்கம் ஒரு சாண் இறங்கினால் நீளப் பக்கம் ஓர் ஆள் உயரம் எழுமாம்.

பூசணிக்காய் கிளம்பியது. அவசரமே இல்லாமல், சூடப் புகைக்குள், டியூப் லைட்டை உரசிக்கொண்டு, நிலா மாதிரி போயிற்று. கண்ணை மூடினால் எனக்கு அது இன்னும் இறங்கவில்லை. கும்பிட்ட கைகளோடு எல்லோர் தலையும் அதன் பின்னாலேயே திரும்பியது. (அழகாகத்தான் இருந்தது.) பிறகு, வெட்டுக்கு அடுக்கியிருந்த வெள்ளைத் துணிகள் மேல் விழுந்து உடைந்தது.

"லேய், ஏம்ல அதுல ஏறுன?" என்றான் என்னோடு தூத்துக்குடியிலிருந்து வந்த சேவியர், முகமெல்லாம் குங்குமத்தோடு.

முதலாளி கோபத்திலும் மரியாதையை விடவில்லை.

"தம்பி, நீங்க நல்லா இருப்பீங்க. எதையும் தொடாம ஊட்டுக்குப் போயிருங்க."

"எந்த ஊட்டுக்குங்க?"

"எந்த ஊடா இருந்தாலும் சரீங்க."

இப்போது எனக்கும் ஓர் ஊடு இருக்கிறது. ஆயுத பூஜை வந்தால், பூசணிக்காயைக் கையில் எடுக்குமுன் என் மனைவி, "ஏனுங்க, நீங்க எங்க நிக்கறீங்க?" என்று குரல் கொடுப்பாள். பிள்ளைகள், "அப்பா தரையிலதான் நிக்கறாரு!" என்று கத்துவார்கள்.

அன்று மங்கலத்தில் ஒரு கடை வாசலில் தூங்கினேன். விடிந்ததும் டீக்கடை அக்கா எழுப்பினார்.

"தண்ணி அடிக்க ஆள் வேணுமுங்க. அடிபம்பு அடிக்கத் தெரியுங்களா?"

பம்பைப் பார்த்தேன். கைப்பிடி நீளமாக இருந்தது.

"இந்தப் பக்கம் தெரியுமுங்க" என்று பிடித்துக்கொண்டேன்.