அரக்கருக்கு அரைப்பேர்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித நாகரிகம் எடுத்துவைத்த பெரிய அடி, கஹவத்தைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உத்தியோகத்தர் மன்றத்தில்தான் எடுத்துவைக்கப்பட்டது. ஆண்டு 1976, நல்ல மழைக்காலம். மனிதனைப் பிடித்துத் தின்னலாமா, கூடாதா என்ற கேள்விக்கு அன்று மாலை நாங்கள் முடிவு கண்டோம். உலகம் இதுவரை எங்களுக்கு நன்றி சொல்லவில்லை. அது உலகத்தின் குறை.

நான் செக்ரோல் கிளாக்கர். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று தினமும் பேர் போடுவது என் பணி. சொன்ன அளவு கொழுந்து எடுத்தவர்களுக்கு முழுப்பேர். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். அதாவது அன்றைக்கு அவர் பாதி ஆள், பாதிச் சம்பளம். காலை முதல் அட்டைக்கடி பட்டு மலையில் நின்ற முழு ஆளை ஒரே பேனாக் கீறலில் பாதியாக்கும் வித்தை எந்தச் சித்தருக்கும் கைவந்ததில்லை. எனக்கு வந்தது.

அந்த வருடம் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத்துரையின் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பல முகங்கள் கொண்ட பகடைகளும் ஒரு விதிப் புத்தகமும் இருந்தன. ஆளுக்கொரு கற்பனைக் குலத்தைச் சேர்ந்தவராக நடிக்க வேண்டும். காடு, குகை, போர் எல்லாம் வாயாலேயே நடக்கும். யாருக்கு வெற்றி என்பதைப் பகடை சொல்லும். சின்னத்துரைக்கு இரண்டு நாளில் அலுத்துப்போனதால் பெட்டி மன்றத்துக்கு 'அன்பளிப்பு' ஆயிற்று. எங்கள் கரம் பலகைக்குக் காய்கள் இல்லாத காலம் அது. இருகரம் நீட்டி வரவேற்றோம்.

பெரிய கிளாக்கர் உருத்திரமூர்த்தி ஆறடி உயரம். ஆகவே அவர் குள்ளர்களின் அரசரானார். கஹவத்தையில் கடை வைத்திருக்கும் நுஹ்மான், விளையாட்டிலும் வியாபாரி. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஆனந்தராசா, முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாத சைவர். அவர் விரும்பிக் கேட்டு வாங்கிய பதவி, பச்சைத்தோல் அரக்கர்களின் தலைவர். நான் மந்திரவாதி. கூட்டக் குறிப்பு எழுதுவதும் நானே.

ஒரு மாலை ஆனந்தராசாவின் அரக்கர்கள் குகையொன்றில் வழி தவறிப் போனார்கள். கொண்டுபோன உணவு தீர்ந்துவிட்டது. கையில் இருந்தவர்கள் உருத்திரமூர்த்தியின் குள்ளர்களில் சிலர், கைதிகள்.

"பிடிச்ச ஆக்களை எங்கட சனம் தின்னும்," என்றார் ஆனந்தராசா. "அது எங்கட பண்பாடு."

"என்ர குடிமக்களிலை கை வைக்க விடமாட்டன். இதுக்கு ஒரு கூட்டம் போட வேணும்," என்றார் பெரிய கிளாக்கர்.

நாங்கள் ஏற்கனவே கூடித்தான் இருந்தோம். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. எல்லோரும் எழுந்து விறாந்தைக்குப் போய், திரும்ப உள்ளே வந்து கூடினோம்.

விவாதம் உயர்ந்த தரத்தில் நடந்தது. ஒரு குலத்தின் உணவை இன்னொரு குலம் குறை சொல்லலாமா என்று ஆனந்தராசா கேட்டார். அப்படியானால் வெள்ளிக்கிழமையும் தின்பீர்களா என்று பெரிய கிளாக்கர் மடக்கினார். ஆனந்தராசா ஆடிப்போனார். வெகுநேரம் யோசித்து, தம் அரக்கர்கள் வெள்ளிக்கிழமையிலும் கந்தசஷ்டியிலும் மனிதரைத் தொடமாட்டார்கள் என்று உறுதியளித்தார். பெரும் முன்னேற்றம் என்று எழுதிக்கொண்டேன்.

"மனுஷ எறச்சி ஹராம். அரக்கன் திண்டாலும் ஹராம்தான்," என்றார் நுஹ்மான். "இதுல பேச என்ன ஈக்கி?"

இப்படி ஒரே மூச்சில் முடித்துவிட்டால் கூட்டம் எதற்கு? அவருடைய கருத்து 'விவாதத்துக்குப் பொருத்தமற்றது' என்று தள்ளுபடி செய்யப்பட்டது.

அப்போதுதான் மருதாயி விறாந்தையில் வந்து நின்றாள். கொழுந்து எடுக்கிறவள். தலையில் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு, இரண்டிலும் தண்ணீர் சொட்டியது. அன்றைக்கு அவள் கொழுந்து நிறுவையில் குறைந்திருந்தது.

"பக்கத்து நெரப் புள்ள வழுக்கி விழுந்து கால ஒடிச்சிக்கிட்டாங்கய்யா. நான்தான் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனேன். அதான் கொறஞ்சி போச்சி. முழுப்பேரு போட்டுடுங்கய்யா. இன்னொரு அரப்பேரு விழுந்தா தோட்டத்துல அளந்து குடுக்குற மாவக் கொறச்சிடுவாங்க. ஊட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு."

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உள்ளே நடக்கிறது, பொறு என்றார் பெரிய கிளாக்கர். பொறுத்தாள். பொறுப்பது அவர்களுக்குப் பழக்கம்.

ஆனால் அவளைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எழுந்து பிரேரணையை முன்வைத்தேன்: முழு ஆளைத் தின்பது காட்டுமிராண்டித்தனம். பாதியைத் தின்று, மீதியை மறுநாள் வேலைக்கு அனுப்புவதே நாகரிகம்.

"பாதி ஆள் எப்பிடி அடுத்த நாள் வேலைக்கு வரும்?" என்று கேட்டார் உருத்திரமூர்த்தி.

"எங்கட தோட்டத்திலை வருகினம்தானே," என்றேன்.

நுஹ்மான் கடைசி பஸ்ஸைச் சாட்டிக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எஞ்சியோர் ஏகமனதாக நிறைவேற்றினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மருதாயியின் பிரச்சினை வந்தது. கால் ஒடிந்தவளுக்காக இரக்கப்படுவதாகவும், ஆனால் இரக்கத்தைத் தராசில் போட முடியாது என்றும் பெரிய கிளாக்கர் விளக்கினார். விதி என்றால் எல்லோருக்கும் ஒரே விதி. இப்போதுதான் அரக்கர்களுக்கே விதித்திருக்கிறோம்.

"என்னாங்கய்யா அது, அரக்கனுங்க?" என்று கேட்டாள் மருதாயி.

ஆனந்தராசா ஆசையோடு எல்லாவற்றையும் சொன்னார்: குகை, கைதிகள், வெள்ளிக்கிழமை, பாதி ஆள். அவள் கம்பளி நுனியைப் பிழிந்தபடி கேட்டாள்.

"அவங்க ஏன்யா மனுசனத் திங்கிறாங்க?"

"சாப்பாடு முடிஞ்சுபோச்சு. பசி," என்றார் ஆனந்தராசா.

"அவங்களாச்சும் பசிக்குத் திங்கிறாங்க," என்று சொல்லிவிட்டு மருதாயி மழையில் இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்தாள்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உறுப்பினர் அல்லாதவர் பேச்சைக் குறிப்பில் சேர்க்க மன்ற விதியில் இடமில்லை, சேர்க்கவில்லை.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். இரண்டு வாழைப்பழமும் தின்றேன். பிறகு அலுவலகம் போய் மருதாயிக்கு அரைப்பேர் போட்டேன்.