உங்கள் தங்கை என்னை ‘நீ’ என்கிறாள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணங்கி எழுதுவது. இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், அதிர்ச்சியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை.

என் மகள் ஸ்பானிஷ் பேசும் பையனைக் கட்டிக்கொண்டதும், சம்பந்தியம்மாவுக்கு அந்த மொழியைத் தவிர வேறொன்றும் வராது என்பதும் தாங்கள் அறிந்ததே. கல்யாணத்தன்று மூன்று மணி நேரம் அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்ததில் என் தாடை இரண்டு நாள் வலித்தது. அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் ஆறு வாரம் தங்கப் போகிறோம், ஆறு வாரமும் சிரித்தே ஓட்ட முடியுமா? அதனால் ‘ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு ஸ்பானிஷ்’ என்று ஒரு வகுப்பில் இருவரும் சேர்ந்தோம். சேர்த்துவிட்ட புத்திசாலி நானேதான். சனிக்கிழமை காலை, குழந்தைகள் பள்ளிக்கூடம், சின்னப் பெஞ்சு, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். ஆபீசில் முப்பது வருஷம் ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதித் தள்ளியவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். உங்கள் தங்கை கடைசி வரிசை.

முதல் பாடமே நான், நீ, அவன், அவள். டீச்சர் சின்னப் பெண். தன்னைத் தொட்டு ‘யோ’ என்றாள். என்னைச் சுட்டி ‘தூ’ என்றாள். நம் காதுக்கு அது எப்படி விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு ‘உஸ்தேத்’ என்று தனியாக ஒன்று உண்டாம். அவ்வளவுதான், வகுப்பே ஆடிப்போய்விட்டது. அத்தனை பேரும் இந்த நாட்டுக்காரர்கள், பிறந்ததிலிருந்து நாய்க்கும் நீதிபதிக்கும் ஒரே ‘யூ’ போட்டுப் பழகினவர்கள். பஸ் டிரைவர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மட்டும் சிரித்தேன். “எங்க மொழியில இது பால்குடி வயசுலயே வந்துரும்மா”ன்னு வாயை விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்! டீச்சர் உடனே சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்து, “அப்ப நீங்களே விளக்குங்க”ன்னு சொல்லிட்டாள்.

விட்டேனா? குழந்தைக்கு நீ, கடவுளுக்கு நீ, அதிகாரிக்கு நீங்கள், விருந்தாளிக்கு நீங்கள் என்று கரும்பலகை நிறைய எழுதினேன். அந்த பஸ் டிரைவர் சும்மா இருக்கக் கூடாதா? “உங்க மனைவியை எப்படிக் கூப்பிடுவீங்க?” என்றார். “நீ.” “அவங்க உங்களை?” “நீங்கள்தான், பின்னே?” இரண்டாவது வரிசை நர்ஸம்மா மெதுவாகக் கேட்டாள்: “முப்பத்திரண்டு வருஷமாவா? அப்ப நீங்க அவங்களுக்கு இன்னும் விருந்தாளியா, இல்ல அதிகாரியா?” நான் திரும்பிக் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தேன் மச்சான்.

அதோடு போச்சா? அடுத்த வாரம் ஜோடி ஜோடியாகப் பயிற்சி. கணவன் மனைவி இருவரும் ‘தூ’தான் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சட்டம் போட்டுவிட்டாள். உங்கள் தங்கை எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். என் மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்து, தடங்கல் இல்லாமல் ஸ்பானிஷில் சொன்னாள்: “நீ உட்கார்கிறாய். நான் நிற்கிறேன். நீ சாப்பிடுகிறாய். நான் சமைக்கிறேன். நீ பேசுகிறாய். நீ பேசுகிறாய். நீ பேசுகிறாய்.” இந்த மொழியில் ‘நான்’, ‘நீ’யை விட்டுவிட்டாலும் அர்த்தம் புரியும், அழுத்திச் சொல்ல வேண்டுமானால் மட்டும் சேர்த்தால் போதும் என்று டீச்சர் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தாள். இவள் ஒரு இடத்திலாவது விட்டாளா? வகுப்பே கைதட்டியது. பஸ் டிரைவர் எழுந்து நின்று தட்டினார், பாவி.

சரி, வகுப்போடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே, “நீ காபி குடிக்கிறியா? அப்படியே எனக்கும் ஒரு டம்ளர் போடு” என்கிறாள். தமிழில்! மூக்குக்கண்ணாடி கழன்று கீழே விழுந்துவிட்டது. “யாரைப் பாத்து என்ன பேசுற?”ன்னு கேட்டேன். “வீட்லயும் பழகணும்னு டீச்சர் சொன்னாங்கல்ல? பயணம் போற வரைக்கும் இப்படித்தான்”னு சொல்லிட்டு, டீவி முன்னாடி காலை நீட்டி உட்கார்ந்துட்டா. அன்னைலேர்ந்து ‘நீ தள்ளிப் படு’, ‘நீ குறட்டை விட்ட’, ‘அட போடா, உனக்கு ஒண்ணும் தெரியாது’. ‘டா’ மச்சான், ‘டா’! ரிட்டயர் ஆனவனுக்கு வெளியே எவன் மதிப்புக் கொடுக்கிறான்? இருந்தது இந்த ஒரே ஒரு ‘ங்க’தான், அதுவும் போய்விட்டது. சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளை எதிரில் இவள் இப்படிக் கூப்பிட்டால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? கூடப் பிறந்தவர் என்ற முறையில் நீங்கள் உடனே போன் செய்து அவளைக் கண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் தனியாகப் போகட்டும், நான் வரவில்லை. இது என் முடிவு.

அங்கே என்னைவிட மூத்தவர்களுக்கு வணக்கம், இளையவர்களுக்கு ஆசி. என்னை இப்போது எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதைத் தாங்களே முடிவுசெய்துகொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
(இன்றுவரை ‘அவர்’)

பின்குறிப்பு: போன் பண்ண வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், துவைக்கப் போட்டபோது அவள் எடுத்துப் படித்துவிட்டாள். மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த நிமிஷத்திலிருந்து ‘சாப்பிடுறீங்களா’, ‘தண்ணி வச்சிருக்கேங்க’. நான் கேட்டதுதான் கிடைத்தது. ஆனால் மச்சான், அந்த ஒரு வாரமும் இவள் இந்த வீட்டில் எவ்வளவு பேசினாள், எவ்வளவு சிரித்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது. மூன்று நாளாய் கடிகாரச் சத்தம்தான் கேட்கிறது. என்னால் தாங்க முடியவில்லை. இன்று காலை நானே அடுப்படிக்குப் போய், “நீங்க கொஞ்சம் உட்காருங்க, நான் காபி போடுறேன்” என்றேன். அவள் சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.