வெள்ளோட்டமும் ஒரு டாங்கிளும்

"இன்னிக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல நெட் வர வெக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜார்ஜ் சபதம் போட்டான். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் பயம். ராயபுரத்து ஜார்ஜுக்கு, இருபது வருஷமாகத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற ஜார்ஜுக்கு, படகில் கால் வைத்தால் வாந்தி வரும்.

கரையில் நின்று கப்பலைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீர்மேல் நின்று ஆடினால்தான் குடல் வாய்க்கு வரும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாகப் பெண்டாட்டி ஜானட்டுக்கே தெரியாமல் கட்டிக் காத்த ரகசியம் இது. அதற்குத்தான் இன்று வேட்டு. ஜானட்டின் அண்ணன் மேத்யூ காசிமேட்டில் புதுப் படகு விடுகிறான். பதினோரு மணிக்கு ஃபாதர் வந்து படகை மந்திரிப்பார். மந்திரித்த கையோடு குடும்பம் மொத்தமும் ஏறி வெள்ளோட்டம். வீட்டு மாப்பிள்ளை கரையிலேயே நின்றால் மானம் போச்சு. ஏறினாலோ, அதைவிட மோசமாகப் போச்சு!

நல்ல வேளை, முந்தாநாள் வாங்கிய டாங்கிள் கைகொடுத்தது. லேப்டாப்பில் சொருகினால் நெட் வர வேண்டும். ஆனால் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். 'வைரஸ் கிட்டக்கூட வராதுமே' என்று பீற்றிக்கொண்டு ஜார்ஜ் போட்டது. வைரஸும் வரவில்லை, நெட்டும் வரவில்லை. சொருகினால் திரையில் ஒரு சிடி படம் வருகிறது. திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான ஏதோ ஃபைல். லினக்ஸ் அதைச் சீந்தவே இல்லை. ஜார்ஜுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சாயங்காலம் வரைக்கும் இழுக்கலாம்.

பட்டுப்புடவையில் வந்து நின்றாள் ஜானட்.

"இன்னாங்க, இன்னும் லுங்கியோட குந்திகினு கீறீங்க? மணி பத்து."

"இன்னாமே அவசரம்? லினக்ஸுனா சும்மாவா? ஒவ்வொரு கமாண்டா அடிக்கணும்."

கருப்புத் திரையில் வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டினான்.

"இன்னா சொல்லுது?"

"அப்டி ஒரு கமாண்டே இல்லியாம்."

"பின்ன இன்னாத்துக்கு அத்த அடிக்கிறீங்க?"

"இல்லனு தெரிஞ்சிக்க வேணாவா?"

"அங்க எங்கண்ணன் காத்துகினு கீது."

"மச்சான் மேல எனக்கு இல்லாத பாசமா? எடுத்த வேலைய பாதில வுட்டா எனக்கு சோறு எறங்காது. நெட் வரட்டும், அடுத்த நிமிஷம் கெளம்பிடறேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்!"

ஆகா, என்ன தாராளம்! வராத நெட்டுக்குச் சத்தியம் பண்ண யாருக்குத்தான் வலிக்கும்?

ஜானட் குனிந்து மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள். சிடி படத்தின் மேல் வைத்து ஒரு தட்டு. வந்த பட்டியலில் 'எஜெக்ட்' மேல் இன்னொரு தட்டு. சிடி மறைந்தது.

"அய்யய்யோ! அத்த ஏம்மே வெளிய தள்ளுன? கெட்டுது போ!" என்று கத்தினான் ஜார்ஜ். மனசுக்குள் சர்க்கரைப் பொங்கல். இனி ஒரு வாரம் இழுக்கலாம்.

டாங்கிளில் நீல விளக்கு எரிந்தது. மூலையில் நெட் அடையாளம் வந்தது. ஜானட் ஒரு தட்டுத் தட்டினாள். வானிலைப் பக்கம் திறந்து, கடலில் நல்ல காற்று என்றது.

"சிடி மாதிரி வேஷம் போட்டுகினு கீற வரைக்கும் அது மோடமா வேலை செய்யாதுங்க. சிடிய வெளிய தள்ளுனா தானா மாறிக்கும்."

"உனக்கு எப்டிமே தெரியும்?"

"நேத்து நீங்க டூட்டிக்குப் போனதும் வித்த கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவரு சொன்னபடி தள்ளுனதும் நேத்தே நெட் வந்துட்ச்சு. அப்பவே அண்ணனுக்கு மெஸேஜ்கூட அனுப்பிட்டேன், உங்க மாப்பிள்ளதான் மொதல்ல ஏறுவாருனு."

மாதா மேல் பண்ணிய சத்தியம், மீற முடியுமா? ஜார்ஜ் எழுந்து சட்டையை மாட்டினான். பித்தான் ஒவ்வொன்றும் தப்பான ஓட்டையில் போயிற்று.

ஜானட் கதவைப் பூட்டிக்கொண்டே தன் கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"பயப்படாதீங்க. எலுமிச்சம்பழம் நாலு, பிளாஸ்டிக் கவர் ஆறு எடுத்து வச்சிகீறேன்."