கணினிக்குப் பூட்டுப் போடுகிறவர்

கணினிக்குப் பூட்டுப் போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம், ஆள் வருவதற்கு முன்னால் சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும்.

நான் சொல்லும் மனிதருக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் உத்தியோகம். எல்லா ரிப்போர்ட்டுகளும் அடங்கிய பெரிய கணினி உள்ளறையில் இருக்கிறது. அதற்கு இவர்தான் பொறுப்பு. முகத்துக்கு முன்னால் சார். முதுகுக்குப் பின்னால் பூட்டண்ணன்.

மேஜைக் கணினிகளை இரும்புக் கம்பியால் மேஜைக்காலோடு கட்டினார், பென் டிரைவ் செருகும் துளைகளைப் பசை வைத்து அடைத்தார், உள்ளறைக் கதவுக்குச் சாத்தியதும் தானே விழுந்துவிடும் பூட்டு ஒன்று போட்டார், கொஞ்சம் கையை எடுத்தாலும் திரை இருண்டு மறுபடி கடவுச்சொல் கேட்கும்படி செய்தார், அந்தக் கடவுச்சொல்லையும் வாராவாரம் மாற்றினார். திருப்தி வந்ததா? வருமா?

அவர் பயம் பொய்யில்லை. நோயாளி போல வந்த ஒருவர் வரவேற்பு மேஜையிலிருந்த மடிக்கணினியோடு போனது உண்மைதான். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

வரவேற்பில் இருக்கும் பெண் ஒருநாள் கெஞ்சினாள்.

"சார், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் உங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு. பேஷண்ட் எல்லாரும் திட்டறாங்க. இன்னொரு சாவி குடுங்களேன்."

"ரெண்டாவது சாவி இருந்தா அது பூட்டே இல்லம்மா."

அவள் பேசாமல் போய்விட்டாள். இவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இப்படியிருக்க, அவருடைய மனைவிக்குத் திடீரென்று வயிற்றுவலி. உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், தள்ளினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். ஊரின் மறுகோடியில் ஆஸ்பத்திரி. லீவு சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினார். அங்கே மயக்க மருந்து டாக்டர் தடுத்தார்.

"இவங்களோட பழைய ஹார்ட் ஸ்கேன் ரிப்போர்ட் வேணுமே. அதைப் பார்க்காம என்னால மருந்து குடுக்க முடியாது."

ரிப்போர்ட் எங்கே? ஸ்கேன் எடுத்தது இவருடைய கூடத்தில்தான்; இருப்பது அந்த உள்ளறைக் கணினியில். சாவி? இவர் இடுப்பில். வலியில் சுருண்டு கிடந்த மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் வரவேற்புப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"அம்மா, உள்ளறைப் பூட்டை உடைச்சிடு! எது கையில கிடைக்குதோ அதை வச்சு உடை!"

"எதுக்கு சார் உடைக்கணும்? கதவு திறந்துதான் இருக்கு."

"திறந்தா?"

"பூட்டு நாக்கு விழற குழியில அட்டையை மடிச்சுச் செருகி வச்சிருக்கோம்."

"கடவுச்சொல்?"

"அது கேக்கவே கேக்காது சார். மவுஸை ஒரு கைக்கடிகாரத்து மேல வச்சிருக்கோம். முள்ளு ஓட ஓட, ஆள் உக்காந்து மவுஸை அசைக்குதுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். இருங்க... உங்க போனுக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன்."

மனைவி பிழைத்தாள். மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பாதி ஆனந்தக் கண்ணீர். மீதி பூட்டுக்காக.

வேலைக்குத் திரும்பியதும் இன்னொரு சாவி செய்து கொடுத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அட்டை நுழையாத பூட்டாகப் பார்த்து வாங்கி வந்தார். அந்தப் பெண்ணுக்கு மனமார நன்றி சொல்லிவிட்டு, இதற்கும் ஒரே சாவிதான் என்றார். "சரிங்க சார்" என்றாள் அவள், வெகு பணிவாக.

சிரிக்கிறீர்கள். உங்கள் மடிக்கணினியைத் திறக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று மார்தட்டுகிறவர்தானே நீங்கள்? நல்லது. ஆனால் நீங்கள் குளிக்கப் போனதும் வீடு ஏன் அவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?