இருபத்தெட்டுக்கு மேல ஒரு ரூபா கிடையாது

அன்று காலை மேனேஜர் அறையில் இருந்தவர்கள்: முதலாளி தியோடர். அவருடைய மாப்பிள்ளை க்ளென், கையில் காபியோடு. கணக்கு பார்க்கும் ஐரின். பத்தொன்பது வருஷமாக மேனேஜராக இருக்கும் இளங்கோவன். இவர்களைத் தவிர, டெலிவரி சலான் அடிக்க மறுக்கும் ஒரு பிரிண்டர்.

பிரிண்டர் மேல் தப்பில்லை என்றாள் ஐரின். மொத்தக் கணக்கையும் வைத்திருக்கிற சர்வர்தான் நினைத்தால் வேலை செய்தது, நினைத்தால் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏஜென்சிக்காரர்கள் ஏப்ரலோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பெங்களூர் ஆஸ்டின் டவுன் தியோடர் யூனிஃபார்ம்ஸில் ஆறு பள்ளிகளுக்குத் தைத்த சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எந்த மூட்டை எந்தப் பள்ளிக்கு என்பது சர்வருக்கு மட்டும் தெரியும்.

தன்னிடம் விட்டால் பார்த்துக்கொள்வதாக க்ளென் சொன்னான். அவன் பார்த்துக்கொண்ட மூன்று தொழில்களும் இதற்குள் இழுத்து மூடப்பட்டிருந்தன.

தியோடர் மாப்பிள்ளையையும் பார்த்தார், மேனேஜரையும் பார்த்தார். "சனிக்கிழமைக்குள்ள நல்ல கம்பெனியா ஒன்னு புடி மேன். இல்லன்னா கம்ப்யூட்டர மாப்பிள்ள பாத்துக்கட்டும். நீ குடோன்ல போய் பட்டன் எண்ணு."

கம்ப்யூட்டர் போனால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் அறை போகும், அறையில் இருக்கும் சுழல்நாற்காலியும் போகும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பள்ளியின் சட்டை இன்னொரு பள்ளிக்குப் போனதில்லை. இதை இளங்கோவன் தினம் ஒருவரிடமாவது சொல்லாமல் தூங்கியதில்லை.

புதன்கிழமை சிறுதொழில் சங்கம் அல்சூரில் ஒரு கூட்டம் வைத்திருந்தது. கம்ப்யூட்டர் பராமரிக்கிற கம்பெனிகளும் அவை தேவைப்படுகிறவர்களும் சந்தித்துக்கொள்ள ஏற்பாடு. மண்டபம் முழுக்க வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், மேஜைக்கு ஒரு கம்பெனி. இளங்கோவன் நான்கு மேஜைகளுக்குப் போனார். நான்கிலும் முதல் கேள்வி, உங்களிடம் எத்தனை கம்ப்யூட்டர். பதினொன்று என்றார். ஒருவன் சிரித்தான். ஒருவன் ஐம்பதுக்குக் கீழே எடுப்பதில்லை என்றான். ஒருத்தி பேனா கொடுத்து அனுப்பிவைத்தாள். நான்காவது ஆள் அதுவும் கொடுக்கவில்லை.

முட்டி வலித்தது. யாரோ வராமல்போன ஒரு மேஜை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்து, அங்கிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார். அப்போதுதான் அந்த இருவரும் அவர் முன்னால் வந்து நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் லேப்டாப் பை. ரித்விக், ரக்ஷிதா. கம்பெனி பெயர் கிரிம்ப்ளோ. எந்த மொழியிலும் அர்த்தம் இல்லாத பெயர். ஐடி கம்பெனிதான் என்பதில் இளங்கோவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"சார், கொஞ்சம் பேசலாமா?" என்றாள் ரக்ஷிதா.

காலையிலிருந்து அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"எத்தன சிஸ்டம் பாத்துக்கறீங்க சார்?" என்று கேட்டான் ரித்விக்.

பட்ட அடி இன்னும் ஆறவில்லை. "நாப்பது."

"ஆளுங்க?"

"அறுவத்திரெண்டு." இது பொய்யில்லை. அறுபத்திரண்டு பேரும் டெய்லர்கள்.

"ஏதாச்சும் படுத்துக்கிச்சுன்னா யார் சார் வருவாங்க?"

"யார் வரது? நான்தான். பத்தொம்பது வருஷமா எதுன்னாலும் மொதல்ல போய் நிக்கறவன் நான்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. இளங்கோவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அடுத்தது அவருடைய முறை. ஐரின் இருபது கேள்விகள் அடித்துக் கொடுத்திருந்தாள். முதல் கேள்வியைப் படித்தார். சர்வர் நின்றுபோனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ரக்ஷிதா யோசித்தாள். "அழுவோம் சார்."

இவ்வளவு உண்மையாகப் பதில் சொல்லும் கம்பெனியை அவர் பார்த்ததில்லை. அவள் நிறுத்தவில்லை. முன்பிருந்த ஏஜென்சி போனையே எடுப்பதில்லை, சரக்கு தேங்கிப்போகிறது, கஸ்டமர் வாசலில் வந்து நின்று கத்துகிறார் என்றாள். இளங்கோவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் ஒரு வார்த்தை சொல்லாமலே தன் கஷ்டத்தை இந்தப் பெண் முழுக்கப் படித்து வைத்திருக்கிறாள். மீதிப் பத்தொன்பது கேள்விகளை மடித்துப் பையில் வைத்தார்.

"மாசம் நாப்பதாயிரம் நெனச்சிருக்கோம் சார்," என்றாள்.

இளங்கோவன் நூல் வியாபாரிகளோடு பழகியவர். முதல் விலையைக் கேட்டால் சிரிக்க வேண்டும். சிரித்தார். "இருபத்தெட்டு. அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது."

ரித்விக்குக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

"இருபத்தெட்டா சார்?"

"இஷ்டம் இருந்தா பாருங்க."

"இல்ல சார், இல்ல சார். பரவால்ல." ரக்ஷிதா அவசரமாக எழுதிக்கொண்டாள்.

வெற்றி தலைக்கேறியது. மனிதன் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்குள் கோளாறு சரியாகவில்லை என்றால் அந்த மாதம் பணமே கிடையாது என்று இன்னொரு நிபந்தனை போட்டார்.

"இத நீங்களே சொல்றீங்களா சார்?" என்றான் ரித்விக்.

"நானேதான் சொல்றேன். எழுதிக்கோ."

பன்னிரண்டாயிரம் குறைத்த கதையைக் கேட்ட தியோடர் எழுந்து நின்று கை கொடுத்தார். பத்தொன்பது வருஷத்தில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை கொடுத்தது வேறு யாரோ என்று நினைத்து. க்ளென் காபியைக் கீழே வைத்தான். ஐரின் மட்டும், அவர்கள் ஏன் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். பேசுகிற விதத்தில் பேசினால் ஒத்துக்கொள்வார்கள் என்று இளங்கோவன் விளக்கினார்.

வியாழக்கிழமை ரக்ஷிதா போன் செய்தாள். கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை இடத்தைப் பார்க்க வேண்டுமாம். நாளைக் காலை வரலாமா?

இருப்பது பதினொன்று. சொன்னது நாற்பது. பக்கத்துத் தெருவில் மூடிக்கிடந்த கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து இருபத்தொன்பது பழைய மானிட்டர்கள் கூட்ஸ் ஆட்டோவில் வந்து இறங்கின. இடம் வேண்டும் என்று தையல் மெஷின்களும் மூட்டைகளும் குடோனுக்குப் போயின. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு டெய்லரை உட்காரவைத்தார். எதையும் தொடக் கூடாது, முறைத்துப் பார்த்தால் போதும் என்று உத்தரவு. ஒருவர் பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்து மானிட்டரின் அகலத்தை அளந்தார். வெறும் கருப்பாக இருந்தால் நன்றாக இருக்காது என்று எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கச் சொன்னார் இளங்கோவன். இருந்தது ஒரே லைன். சர்வரும் அதில்தான் இருந்தது.

ரித்விக்கும் ரக்ஷிதாவும் வந்தார்கள். நாற்பது திரைகள் ஒளிர்வதையும் நாற்பது பேர் மூச்சுவிடாமல் அவற்றைப் பார்ப்பதையும் கண்டார்கள். இவ்வளவு ஒழுங்கான ஆபீஸைப் பார்த்ததில்லை என்று ரித்விக் சொன்னான். இளங்கோவன் அவர்களைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்.

உள்ளே கால் வைத்ததும் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கருகிய வாசனை வந்தது. நாற்பதும் அணைந்தன.

இருபத்தொன்பதைப் பற்றிக் கவலை இல்லை. பிரச்சினை மீதிப் பதினொன்றும் சர்வரும். நினைத்தால் வேலை செய்துகொண்டிருந்த சர்வர் இனி நினைக்காது என்றாள் ஐரின். முதல் பள்ளியின் வண்டி சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருகிறது என்று தியோடர் சொன்னார். கத்தவில்லை. குடோன் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இளங்கோவன் ரித்விக்குக்குப் போன் போட்டார். இனி காத்திருக்க வேண்டாம், நாளைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார்.

மறுமுனையில் ரித்விக்கின் குரல் தழுதழுத்தது. "நெஜமாவா சார்? ரொம்ப தேங்க்ஸ் சார். காலைல ஒம்போது மணிக்கு எங்க ஆபீஸ் வந்துடுங்க. கையெழுத்து போட்ட உடனே சர்வர பாத்துடலாம்."

வாடிக்கையாளர் கிடைத்ததற்கு அழுகிற கம்பெனி. இப்படி ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்த மேனேஜர் பெங்களூரில் வேறு யார் இருக்கிறார் என்று யோசித்துக்கொண்டே இளங்கோவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார்.

கிரிம்ப்ளோவின் ஆபீஸ் ஈஜிபுராவில் ஒரு குறுகிய சந்தில், இரண்டாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் இளங்கோவன் நின்றுவிட்டார். கூடம் முழுக்கச் சட்டைகள். கம்பி கம்பியாகத் தொங்கின, மேஜைமேல் அடுக்கடுக்காக இருந்தன, மூலையில் மூட்டையாகவும் கிடந்தன. ஒரு காலரைத் தொட்டுப் பார்த்தார். மடிப்பு நேர்த்தியாக இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் தொழிலைப் புரிந்துகொள்ள இவ்வளவு சட்டைகளை வாங்கிப் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால், இவர்களுக்கு முப்பதாகக்கூடக் கொடுத்திருக்கலாம்.

"எங்க தொழில இவ்ளோ கவனிச்சிருக்கீங்களேப்பா," என்றார்.

ரித்விக் புரியாமல் தலையாட்டினான்.

ஒப்பந்தம் இங்கிலீஷில் பதினான்கு பக்கம். மஞ்சள் காகிதம் ஒட்டிய இடங்களில் கையெழுத்து. கொண்டுவந்திருந்த கம்பெனி ஸீலை ஒவ்வொரு பக்கத்திலும் அழுத்தமாகக் குத்தினார். பிறகு அங்கேயே நின்று தியோடருக்குப் போன் போட்டார்.

"முடிஞ்சுது சார். இப்பவே வேலை ஆரம்பம்."

"குட் மேன்," என்றார் தியோடர். "மாப்பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டேன். அந்த நாக்காலி உன்னுதுதான்."

இளங்கோவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டைகளுக்கு நடுவில் தன் வெள்ளைச் சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய முடிவைத் தனியாக எடுத்து, அதைச் சரியாகவும் எடுத்திருக்கிறார்.

சர்வர் ரூமைப் பார்க்கலாமா என்று ரக்ஷிதா பணிவாகக் கேட்டாள். நல்ல கம்பெனிகள் அதைக் காட்டத்தான் செய்யும். போனார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு நாற்காலி. மேஜைமேல் ஒரு பெட்டி, அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சிக்கனமானவர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ரித்விக்கும் ரக்ஷிதாவும் வெளியிலேயே நின்றுகொண்டார்கள். இடுப்பில் சாவிக்கொத்தோடு உள்ளே வந்தது எல்லம்மா. இஸ்திரி போடுகிற பெண்களுக்கு மேஸ்திரி. ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரு பன்னையும் மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினாள்.

"நாலு நாளா இந்தப் பொட்டி படுத்துக் கெடக்குது, எந்த சட்டை எவனுதுன்னு தெரியாம ரெண்டாயிரம் துணிய இஸ்திரி போட்டு வெச்சிக்கினு ஒக்காந்திருக்கோம்; போன தபா ரிப்பேருக்கு வந்த ஆளு டீ குடிச்சிட்டு வரேன்னு போனவருதான், அதனால நீங்க சரி பண்ணிட்டுக் கதவத் தட்டுங்க சார், நான் தொறக்கறேன்."

கதவைச் சாத்தினாள். வெளியே பூட்டு விழுந்தது.